கொடைக்கானல் சோலைக்குள்ள பாத்த ஆரஞ்சு கலர் குட்டிப் பறவை, இது என்னன்னு சொல்லுங்க

மதுரை_மணி:
எல்லாருக்கும் வணக்கம். நான் இதுக்கு ரொம்ப புதுசு, ஒரு பழைய பைனாகுலர் இருக்கு அவ்ளோதான். மே மாசம் ஃபேமிலியோட கொடைக்கானல் போயிருந்தோம், வட்டக்கானல் பக்கம் ரூம். காலைல நானும் மச்சானும் சோலைக்குள்ள (மலை மேல இருக்குற அடர்ந்த ஈரக் காடு) போற ஒத்தையடிப் பாதைல நடந்துட்டு இருந்தப்ப பாதைய ஒட்டி ஒரு செடில, முழங்கால் உசரம்கூட இருக்காது, ஒரு குட்டிப் பறவை உக்காந்திருந்துச்சு. தலை கருப்பு, றெக்கை கருப்பு, மத்தது பூரா நல்ல ஆரஞ்சு. முதுகு, வால், வயிறு எல்லாமே. சிட்டுக்குருவிய விடச் சின்னது. பத்தடி தூரத்துல நாங்க நிக்குறோம், அது பாட்டுக்கு இருக்கு, கொஞ்ச நேரம் அசையாம உக்காந்துட்டு டப்புனு கீழ சருகுல இறங்கி எதையோ கொத்திட்டு மறுபடி பக்கத்துல இன்னொரு குச்சில போய் உக்காருது. கூடவே அதே சைஸ்ல இன்னொண்ணு, ஆனா தலை கருப்பு இல்ல, பச்சையும் பழுப்பும் கலந்த மாதிரி, கண்ணைச் சுத்தி வெளிறிப்போன வளையம்.

மொபைல்ல எடுத்த போட்டோ ஆரஞ்சு கலர் புள்ளி மாதிரிதான் வந்திருக்கு, அதனால போடல. மச்சான் மின்சிட்டுங்கிறான். ஆபீஸ்ல பறவை தெரிஞ்ச ஒருத்தர் காஷ்மீர் ஃப்ளைகேட்சரா இருக்கும்னாரு. நெட்ல தேடினா ஆரஞ்சு கலர்ல ஏகப்பட்டது வருது. யாராவது சொல்லுங்களேன், ரெண்டாவது பறவை அதோட ஜோடியா இல்ல வேற ஜாதியா?

பழனிமலை_வாசி:
தம்பி, போட்டோவே வேணாம், நீங்க எழுதினதே போதும். அது பிளாக் அண்ட் ஆரஞ்ச் ஃப்ளைகேட்சர், தமிழ்ல கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான்னு சொல்லலாம். அறிவியல் பேரு ஃபிசிடுலா நைக்ரோரூஃபா. ரெண்டாவது பறவை பொம்பளைப் பறவைதான், சந்தேகமே இல்ல, அந்தக் கண் வளையம் சொல்லுது. நீங்க பாத்தது ஒரு ஜோடி.

இது உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலைல மட்டும்தான் இருக்கு, அதுலயும் தெக்குப் பாதில. நீலகிரி, பிலிகிரிரங்கன் மலை, ஆனைமலை, பழனிமலை, மூணாறு, அப்படியே கீழ மேகமலை வரைக்கும். 1500 மீட்டருக்கு மேலதான் நல்லாப் பாக்கலாம், அதுக்குக் கீழயும் சில இடத்துல உண்டு ஆனா குறைச்சல். கொடைக்கானல் 2000 மீட்டருக்கு மேல இருக்கு, சோலையும் இருக்கு, அதனால இதுக்குச் சொந்த ஊரு மாதிரி. 1839ல ஜெர்டன்னு மதராஸ் ராணுவத்துல டாக்டரா இருந்தவரு இதை முதல்ல விவரிச்சு எழுதினாரு, அப்புறம் ரொம்ப நாள் இதுக்குன்னே ஓக்ரோமெலானு தனி பேரினம்கூட (நெருங்கின இனங்களைச் சேத்து வைக்கிற பிரிவு) வச்சிருந்தாங்க, இப்ப மத்த ஃபிசிடுலாவோட சேத்துட்டாங்க. பழைய புக்கு ஏதாவது கையில கிடைச்சா பேரு மாறி இருக்கும், குழம்பிக்காதீங்க.

காஷ்மீர் ஃப்ளைகேட்சர் இல்லன்னு எப்படிச் சொல்றேன்னா முதல் காரணம் மாசம். அது குளிர்காலத்துக்கு மட்டும் இந்தப் பக்கம் வர்றது, அக்டோபர் வாக்குல வந்து மார்ச் கடைசிலயே கிளம்பிரும். மே மாசம் அது காஷ்மீர்லதான் இருக்கணும். ரெண்டாவது, அதுக்கு முதுகு சாம்பல், தொண்டையும் நெஞ்சும்தான் செங்காவி கலரு, அதோட ரெண்டு ஓரத்துலயும் கருப்புக் கோடு, வாலடில வெள்ளை. முதுகும் வாலும் ஆரஞ்சுன்னு நீங்க சொன்ன உடனேயே அது அவுட்.

பைனாகுலர்_பாண்டி:
மேல அண்ணன் சொன்னது கரெக்ட். மச்சானையும் திட்டாதீங்க, கலரை மட்டும் பாத்தா மின்சிட்டுன்னுதான் தோணும், ஆரஞ்சு மின்சிட்டு ஆம்பளையும் கருப்புத் தலை, ஆரஞ்சு ஒடம்புதான். ஆனா அது கழுத்த ஒடிச்சிட்டு மேல பாக்க வேண்டிய பறவை, மர உச்சில கூட்டமா ஒண்ணு பின்னால ஒண்ணா கத்திக்கிட்டே போகும், வாலு நீளம், றெக்கைல ஆரஞ்சுப் பட்டை இருக்கும், முதுகு கருப்பு. அதோட பொண்டாட்டி மஞ்சளும் சாம்பலுமா இருப்பா. முழங்கால் உசரத்துல, இருட்டுல, சத்தம் போடாம ஒரு மின்சிட்டு உக்காந்து நான் பாத்ததே இல்ல.

புதுசா வர்றவங்க எல்லாரும் என்ன கலருன்னு மட்டும் கேக்குறாங்க, எங்க உக்காந்திருந்துச்சு, எவ்ளோ உசரம், என்ன பண்ணுச்சுங்கிறத கேக்கவே மாட்டேங்குறாங்க. மணி அதைச் சொன்னதாலதான் நமக்கு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. அதே சோலைல நீலகிரி ஃப்ளைகேட்சரும் இருக்கு, முழுசா கருநீலம், ஆனா அது நடுமரத்துலயும் மேலயும் தெறந்த கிளைல உக்காந்து பாடிட்டு இருக்கும். சாம்பல் தலை கேனரி ஃப்ளைகேட்சர், மஞ்சளா இருக்குமே, அது நடு உசரத்துல துறுதுறுன்னு ஒரு இடத்துல நிக்காது. ஒரே சோலைய மாடி மாடியா பிரிச்சு வாடகைக்கு எடுத்த மாதிரி, நம்மாளுக்கு கிடைச்சது கிரவுண்ட் ஃப்ளோரு.

மதுரை_மணி:
அண்ணே ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி! மச்சான்கிட்ட காட்டிட்டேன், ஒத்துக்கிட்டான். ஒரு டவுட்டு, ஈப்பிடிப்பான்னா பறந்து போய் காத்துலயே பூச்சிய பிடிக்கும்னுதான படிச்சேன், எங்க ஊர்ல கரிச்சான் பண்ற மாதிரி. இது அப்படிப் பண்ணவே இல்லையே, கீழ இறங்கி இறங்கித்தான் கொத்துச்சு. அப்புறம் ஒரு சத்தம், பூச்சி கத்துற மாதிரி மெல்லிசா வந்துட்டே இருந்துச்சு, அது இதோடதா?

கோத்தகிரி_அக்கா:
மணி தம்பி, நல்ல கேள்வி. ஃப்ளைகேட்சர்னு பேரு வச்சதெல்லாம் ஒரே மாதிரி சாப்பிடுறது இல்ல. ராபின், குண்டுகரிச்சான், இந்த ஃபிசிடுலா எல்லாமே மஸ்சிகாபிடேங்கிற ஒரே குடும்பம், அதுல சிலது காத்துல பிடிக்கும், சிலது தரையில பொறுக்கும், நம்ம ஆளு ராபின் பக்கம் சாஞ்சவரு. தாழ்வான குச்சில உக்காந்து கீழயே பாத்துட்டு இருப்பாரு, சருகு அசைஞ்சா இறங்குவாரு, சில சமயம் இலைக்கு அடியில இருக்கிறத எட்டி எடுப்பாரு, காத்துல பிடிக்கிறதும் உண்டு ஆனா சின்னத் தாவல்தான், நீளமா சுத்திப் பறந்து வர்றதெல்லாம் கிடையாது. அந்தக் காட்டுல அடர்த்தியா இருக்குற செடிங்களுக்குள்ள எங்க போய் பறந்து வர்றது சொல்லுங்க. வேடிக்கை என்னன்னா அரசவால் ஈப்பிடிப்பான், வெள்ளையா நீள வாலோட இருக்குமே, அது இந்தக் குடும்பமே இல்ல, பேருல மட்டும்தான் சொந்தம்.

சத்தம் இதோடதாத்தான் இருக்கும். ரொம்ப மெல்லிசா ஹை பிட்ச்ல சீ..ரி..ரிர்ர்னு உலோகத்த உரசுற மாதிரி வரும், பாதிப் பேரு பூச்சின்னு நினைச்சு தாண்டிப் போயிடுறாங்க. வயசானவங்களுக்கு இந்த பிட்ச் காதுல விழுறதே கஷ்டம், எங்க வீட்டுக்காரரு பக்கத்துல நின்னும் கேக்கலன்னு சொல்லுவாரு, நான் பொய் சொல்றேன்னு சண்டை வேற. பயந்தா இல்ல கூட்டுப் பக்கம் யாராவது வந்தா ஸிட் ஸிட்னு வெட்டி வெட்டி கத்தும், அந்தச் சத்தம் கேட்டா கொஞ்சம் பின்னாடி வந்துருங்க.

நான் இங்க லாங்வுட் சோலைல வருஷம் பூரா பாக்குறேன். அந்தச் சோலை 116 ஹெக்டேர்தான், சுத்தி ஊரும் டீ எஸ்டேட்டும், 2024ல ராம்சார்ங்கிற உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட லிஸ்ட்ல சேத்தாங்க. இந்தப் பறவை எங்கயும் போகாது, சீசனுக்கு வர்றதும் இல்ல கிளம்புறதும் இல்ல. ஒரு ஜோடி ஒரு இடத்த பிடிச்சுட்டா அந்தத் திருப்பத்துலயேதான் இருக்கும், நான் பாதைல அந்தந்த இடம் வந்தா நடைய மெதுவாக்கிடுவேன். பளிச்னு வெயில் அடிக்கிற மத்தியானத்துல தேடாதீங்க. விடிஞ்ச உடனேயும் பொழுது சாயுற நேரத்துலயும், மேகம் இறங்கி இருட்டா இருக்கும்போதும் நல்லா வெளிய வரும். அந்த இருட்டுல ஆம்பளைப் பறவையோட ஆரஞ்சு மட்டும் தனியா தெரியும், தலையும் றெக்கையும் நிழலோட கலந்துரும்.

நெல்லை_சுடலை:
அக்கா, கூடு எப்படி இருக்கும்? ஃபிசிடுலாலாம் பெரும்பாலும் மரப் பொந்துலதான் வைக்கும்னு படிச்சிருக்கேன்.

கோத்தகிரி_அக்கா:
அதான் இதுல விசேஷம். பொந்து இல்ல, பந்து மாதிரி மூடின கூடு, பக்கவாட்டுல வாசல். கோரைப்புல் மாதிரி நீள இலை, காஞ்ச மூங்கில் இலை எல்லாம் வச்சு சுத்தியிருக்கும், தூரத்துல இருந்து பாத்தா செடில சருகு சிக்கி கிடக்குதுன்னுதான் நினைப்போம், அவ்ளோ கலைஞ்சு கிடக்கும். பெரணிச் செடி, புதர், சின்ன மூங்கில் இதுலலாம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவுல. முட்டை சாதாரணமா ரெண்டு. மார்ச்ல ஆரம்பிச்சு மே, ஜூன் வரைக்கும் கூடு கட்டுற காலம்.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, ஊட்டிலயும் கொடைக்கானல்லயும் கூட்டம் அலைமோதுற சீசனும் அதேதான். செல்ஃபிக்காக பாதைய விட்டு இறங்கி செடிய மிதிக்கிறவங்களுக்கு கூடு இருக்குன்னே தெரியாது, பாவம் அது இருக்குறது கால் உசரத்துல. அதனால சோலைல எதுக்காகவும் பாதைய விட்டு இறங்காதீங்க, அட்டைக் கடிலருந்தும் தப்பிக்கலாம், பறவைக்கும் நல்லது. கூடு கண்ணுல பட்டா போட்டோ எடுத்து இடத்தோட குரூப்ல போடுறதும் வேண்டாம்.

கேமரா_கார்த்தி:
அக்கா கோச்சுக்காதீங்க, ஆனா கால் ப்ளே பண்ணாம, அதாவது பறவையோட குரல போன்ல போட்டுக் கூப்பிடாம, இந்தப் பறவைய ஒழுங்கா ஃப்ரேம் பண்ணவே முடியாது, செடிக்குள்ளயே பூந்துக்கும். ஒரு தடவை ரெண்டு தடவை போட்டா ஒண்ணும் ஆகாது, எல்லாரும்தான் பண்றாங்க. மணி ப்ரோ, அடுத்த தடவை பறவைய அடையாளம் காட்டுற மெர்லின் ஆப்ல இதோட சத்தம் இருக்கும், மெதுவா போட்டுப் பாருங்க, வந்து நிக்கும்.

பழனிமலை_வாசி:
கார்த்தி, எல்லாரும் பண்றாங்கங்கிறதுதான் பிரச்சனையே. நீங்க ரெண்டு தடவை, உங்களுக்கு அடுத்து வர்ற க்ரூப் ரெண்டு தடவை, சனி ஞாயிறு பத்து க்ரூப். இது ஒரே இடத்துல குடியிருக்குற ஜோடின்னு அக்கா சொன்னாங்கள்ல, அப்ப தினமும் அதே ஆம்பளைப் பறவைதான் வேற எவனோ வீட்டுக்குள்ள வந்துட்டான்னு நினைச்சு சண்டைக்கு ஓடி வருது. குஞ்சு இருந்தா அந்த நேரம் இரை தேட வேண்டிய நேரம். அதுவும் இந்தப் பறவைக்கு கால் போடுறது எனக்குச் சுத்தமா புரியல, மனுஷனப் பாத்து பயப்படாத பறவைங்கள்ல இது ஒண்ணு, மணி மொபைல வச்சுக்கிட்டே பத்தடில நின்னு பாத்திருக்காரு. நின்ன இடத்துல பதினஞ்சு நிமிஷம் பேசாம நில்லுங்க, தானா வரும். நிக்க பொறுமை இல்லங்கிறதுதான் நிஜம்.

போட்டோ வேணும்னா டிப்ஸ் தரேன். சோலைக்குள்ள ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த எவ்ளோ உணரணும்ங்கிற அளவு) 3200ல இருந்துதான் ஆரம்பமே, கொஞ்சம் நாய்ஸ், அதாவது படத்துல பொடிப் புள்ளி, வந்தா வரட்டும். எக்ஸ்போஷர மைனஸ்ல வைங்க, ஏன்னா சுத்தி இருட்டா இருக்குறதால கேமரா வெளிச்சத்த ஏத்திடும், ஆரஞ்சு வெந்து போய் இறகு டீடெய்லே இருக்காது. மொபைல்ல மணிக்கு ஆரஞ்சுப் புள்ளியா வந்ததும் அதனாலதான். கருப்புத் தலைல கருப்புக் கண்ணு, அதுல வெளிச்சம் பட்டு மின்னுற ஆங்கிள் வர்ற வரைக்கும் காத்திருங்க. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

கேமரா_கார்த்தி:
மைனஸ் எக்ஸ்போஷர் நல்ல பாயிண்ட், எனக்கும் ஆரஞ்சு கருகித்தான் வந்துட்டு இருந்துச்சு. கால் விஷயம் இன்னும் முழுசா ஒத்துக்கல, கூடு சீசன்ல வேண்டாம்ங்கிறது ஓகே.

மலையகத்தான்:
நான் இலங்கைல நுவரெலியா பக்கம். இந்தப் பறவை எங்க நாட்டுல இல்லை, படத்துல பாத்து ஆசைப்படுறதோட சரி. ஆனா மேல சொன்ன காஷ்மீர் ஃப்ளைகேட்சர் குளிர்காலத்துல எங்க டவுனுக்கே வரும், நுவரெலியா விக்டோரியா பார்க்குல அதப் பாக்கவே வெளிநாட்டுக்காரங்க வந்து நிப்பாங்க. அதும் கீழ இறங்கி இறங்கி சாப்பிடும், வால தூக்கித் தூக்கி ஆட்டும், அதனால பழக்கத்த மட்டும் வச்சு குழம்ப சான்ஸ் இருக்கு. ஊட்டிலயும் வருதுதானே? அப்ப டிசம்பர்ல ஊட்டில ரெண்டையும் ஒரே நாள்ல பாக்கலாம்போல, குடுத்து வச்சவங்க நீங்க. உங்க நீலகிரி ஃப்ளைகேட்சருக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் எங்க மலைல இருக்கான், டல் ப்ளூ ஃப்ளைகேட்சர்னு, இலங்கைக்கு மட்டுமே சொந்தம்.

பைனாகுலர்_பாண்டி:
ஆமா பாஸ், ஊட்டில குளிர்காலத்துல காஷ்மீர் ஃப்ளைகேட்சர் கிடைக்கும். ஆனா அது தோட்டம், பார்க், சோலை ஓரம்னு கொஞ்சம் தெறந்த இடம், இது உள்ளுக்குள்ள.

இன்னொண்ணு சொல்லணும்னு இருந்தேன். பாலக்காட்டுக் கணவாய் இருக்கே, 30, 40 கிலோமீட்டர் அகலம் வரும், மலை அறுந்து தாழ்வா கிடக்குற இடம், மலை உச்சிப் பறவைங்க பலதுக்கு அது கடல் மாதிரி. வடக்க நீலகிரில ஒரு ப்ளூ ராபின், தெக்க பழனிமலை ஆனைமலைல வெள்ளை வயித்தோட வேற ப்ளூ ராபின். சிரிப்பானும் (லாஃபிங்த்ரஷ்னு சொல்ற பறவை) அப்படித்தான், நீலகிரிக்கு ஒண்ணு, பழனிக்கு ஒண்ணு. 2017ல ராபினுக்கு ஷோலிகோலா, சிரிப்பானுக்கு மான்டிசிங்க்லானு புதுப் பேரினமே வச்சாங்க. ஆனா நம்ம கருப்பு ஆரஞ்சு ரெண்டு பக்கமும் ஒரே இனம்தான், கோத்தகிரி அக்கா பாக்குறதும் மணி பாத்ததும் பாத்தா வித்தியாசமே தெரியாது. அதே சோலை, அதே தரை, ஆனா ராபின் பிரிஞ்சுருச்சு, இது பிரியல. எனக்கு இது ரொம்ப நாளா மண்டைய குடையுற விஷயம், யாராவது மரபணு பக்கம் தெரிஞ்சவங்க இருந்தா தனி த்ரெட் போடுங்க, இங்க வேண்டாம், மணி ஓடிருவாரு.

நெல்லை_சுடலை:
வாட்டில் மரத்துக்குள்ளயும், யூகலிப்டஸ்க்குள்ளயும் இது இருக்குமா? கொடைக்கானல்ல பாதி காடு அதான.

பழனிமலை_வாசி:
மரம் என்னங்கிறத விட தரை எப்படி இருக்குன்னு பாருங்க. அடியில செடி அடர்த்தியா, சருகு மெத்தை மாதிரி, ஈரமா, சின்ன மூங்கிலோ குறிஞ்சி வகைச் செடியோ இருந்தா வரும். சருகும் மூங்கிலும் அதிகமா இருக்குற இடத்துல இதோட எண்ணிக்கையும் அதிகம்னு ஆராய்ச்சி பண்ணியும் பாத்திருக்காங்க. பைன் காட்டுக்குள்ள அடியில ஊசி இலை மட்டும் கிடக்கும், ஒரு செடி முளைக்காது, அங்க நின்னு தேடி பிரயோஜனம் இல்ல. சோலைய ஒட்டி இருக்குற பழைய வாட்டில் தோப்புல அடியில செடி வந்திருந்தா ஓரத்துல எட்டிப் பாக்கும். ஆனா விறகுக்காக கீழ்ச்செடிய வெட்டி சுத்தம் பண்ற இடம், மாடு மேஞ்சு மொட்டையான இடம், அங்க மேல மரம் எவ்ளோ ஜோரா இருந்தாலும் இது இருக்காது. நம்மாளுங்க மரத்த வெட்டலன்னா காடு பத்திரமா இருக்குன்னு நினைச்சுக்குறாங்க.

மதுரை_மணி:
இவ்ளோ வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. கால் எல்லாம் போட மாட்டேன் அண்ணே. ஒரு கடைசி கேள்வி, மதுரைல இருந்து காலைல போய் ராத்திரி திரும்புற தூரத்துல கொடைக்கானல் தவிர எங்கயாவது பாக்கலாமா? அழகர்கோவில் மலைல இருக்குமா? மழைல போனா கிடைக்குமா?

பழனிமலை_வாசி:
அழகர்மலைல கிடையாது, அது தாழ்வு, சூடு. அங்க போனா டிக்கெல்ஸ் ப்ளூ ஃப்ளைகேட்சர் தேடுங்க, நெஞ்சு ஆரஞ்சு, முதுகு நீலம், கருப்பு ஆரஞ்சோட குழப்பிக்க மாட்டீங்க. குளிர்காலத்துல அரசவாலும் வரும்.

மேகமலை போங்க. சின்னமனூர் வழியா மேல ஏறணும், டீ எஸ்டேட்டுக்கு நடுவுல சோலை துண்டு துண்டா இருக்கு, ரோட்டோரமா நின்னே பாக்கலாம். காட்டுக்குள்ள இறங்கணும்னா வனத்துறை அனுமதி வேணும், செக்போஸ்ட்ல நேரக் கட்டுப்பாடும் உண்டு, கேட்டுட்டுப் போங்க. மழைல பறவை இருக்கும், ஆனா உங்க கண்ணாடி பூரா பனி படிஞ்சு ஒண்ணும் தெரியாது. கொடைக்கானல்னா அக்டோபர் நவம்பர்ல மழை ஜாஸ்தி, அதைத் தவிர்த்துட்டு ஜனவரி பிப்ரவரில போங்க, கூட்டமும் இருக்காது, கூடு சீசனும் இல்ல. ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, காலைல 6 மணிக்கு கை வெறைச்சு பைனாகுலர் பிடிக்க முடியாது.